லைஃப் கோச்சுக்குக் காட்டிய அடையாள அட்டை

என் கையெழுத்தையே படம்பிடித்துப் போடுகிறேன். கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள், எழுதப் பழகியதே இந்த வருடம்தான்!

கலவரத்தில் எரிந்த என் தேநீர்க் கடையை மறுபடி திறப்பதா என்ற யோசனையோடு இன்று கண்டி பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத் தம்பி தன்னை லைஃப் கோச் என்றார்.

"அப்படின்டா புத்தி சொல்றதா, தம்பி?"

"இல்லை ஐயா, கேள்விதான் கேப்பன். விடை உங்களிட்டத்தான் இருக்கும்."

யுத்தகாலம் முழுவதும் சோதனைச் சாவடிகளில் கேள்வி கேட்பவர்களைப் பார்த்தவன் நான்.

"நீங்கள் ஆர்? எங்க போக நினைக்கிறியள்?" என்று தொடங்கினார்.

என் கை தானாகவே அடையாள அட்டையை நீட்டியது. அதைக் கண்டதும் அவருடைய கையும் தன் சட்டைப்பைக்குப் போனது. இருவரும் சிரித்துவிட்டோம்.

"கடையத் தொறக்கணும் தம்பி." வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சொன்னதும் மனம் லேசானது. திங்கட்கிழமை திறக்கிறேன், வாருங்கள்.

ஆனாலும், சும்மா வந்து இவ்வளவு கேட்டவரை யார் அனுப்பியிருப்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.