பெரட்டுக்களத்துல படுத்த வேன்

தேயிலைத் தோட்டத்துல ஸ்கூல் வேன் ஓட்டறவன் பாதி நேரம் வேனுக்குள்ள இருப்பான், மீதி நேரம் வேனுக்கு அடியில கெடப்பான். துருப்புடிச்ச வேனை வச்சுக்கிட்டு இந்த மலையில தெனம் ஏத்தி எறக்குற ஆளா நீங்க இருந்தா, நான் சொல்றது வெளங்கும். மத்தவங்க சிரிச்சுக்கலாம்.

என் வேன் ஒரு சனிக்கிழமை காலையில செத்துப்போச்சு. சாவியைத் திருப்பினா பின்னால பெற்றோல் பம்ப் லேசா முனகும். அன்னைக்கு அது முனகவே இல்ல. திங்கக்கிழமை பதினோராம் வகுப்புப் பிள்ளைங்களுக்குச் சாதாரண தரப் பரீட்சை ஆரம்பம். எங்க டிவிஷன், அதாவது தோட்டத்துல எங்க பகுதிப் பிள்ளைங்களை நான்தான் ஹட்டனுக்குக் கொண்டு போகணும். அன்னைக்கு நான் கைவிட்டேன்னா, பெத்தவங்க அப்புறம் சின்னப் பிள்ளைங்களைக்கூட என்னை நம்பி அனுப்ப மாட்டாங்க. எனக்கு வேற தொழிலும் தெரியாது. கராஜ் பாஸுக்குப் போன் போட்டேன். தோட்ட ரோட்டுல தன்னால வர ஏலாது, வேனை ஓட்டிக்கிட்டு வான்னுட்டார். ஓடாத வேனை எப்படி ஓட்டிக்கிட்டுப் போறதுன்னு நான் கேக்கறதுக்குள்ள வச்சுட்டார். அதனால பம்பை நானே மாத்துறதுன்னு முடிவு பண்ணினேன்.

நானா கடை

பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். பழைய வாகனச் சாமான் விக்கிற முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானான்னுதான் கூப்பிடுவோம். அவர், "பழைய பம்பைக் கொண்டாந்தீங்களா?"ன்னு கேட்டார். அது டேங்க்குக்குள்ள இருக்கு, டேங்க்கைக் கழட்டாம எடுக்க முடியாது, நாளைக்குக் கடை பூட்டு, அதனால இன்னைக்கே வாங்க வந்தேன்னு வெளக்கினேன். போன்ல இருந்த வேன் படத்தைக் காட்டினேன். மனுஷன் படத்தைப் பெருசாக்கிப் பாத்துக்கிட்டே இருந்தார். ஆஸ்பத்திரியில டாக்டர் எக்ஸ்ரேயைப் பாக்கற மாதிரி இருந்துச்சு.

கடைசியா மேல் தட்டுல இருந்து ஒரு பெட்டியை எடுத்து, தூசி ஊதிக் குடுத்தார். சரியாப் பொருந்துமான்னு கேட்டேன். "பம்ப் பொருந்தும் தம்பி. பொருத்துறதுக்கு ஒங்க வேன்ல எடம் மிச்சமிருக்கான்னு மொதல்ல பாருங்க" என்றார்.

சமதரை

நாங்க குடியிருக்கிற லயம், அதான் அந்த வரிசை வீடு, சரிவுல இருக்கு. அங்க ஜாக்கி போட்டா வேன் நேரா தேயிலைக்குள்ள போயிரும். டிவிஷன்லயே சமமான எடம் பெரட்டுக்களம் ஒண்ணுதான். காலையில ஆளுங்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, வேலை பிரிச்சுக் குடுக்கிற எடம். லயத்து ஆளுங்க எல்லாரும் சேந்து வேனை அங்க தள்ளிவிட்டாங்க. தள்ளின பாவத்துக்கு ஒருத்தரும் வீட்டுக்குப் போகல. சுத்திக் குந்திக்கிட்டு ஆளுக்கொரு யோசனை சொன்னாங்க.

டேங்க்கை ரெண்டு இரும்புப் பட்டிதான் தாங்குது. போல்ட்டுக்கெல்லாம் மண்ணெண்ணெய் ஊத்தி ராவெல்லாம் ஊற வச்சேன். ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் மொதல் போல்ட் சுளுவாத் திரும்புச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது கழலல, முறிஞ்சிருக்கு. கண்ணு, வாயெல்லாம் துரு. பக்கத்து வீட்டு ராமையா அண்ணன் வெத்தலையைத் துப்பிட்டு வந்து குனிஞ்சு பாத்தார். "விடுங்க தம்பி, துருவையும் சொரண்டி எடுத்துட்டா அப்புறம் வேன்ல என்ன இருக்கு?"

கற்பூரம்

மத்தியானம் ஒருவழியா டேங்க் எறங்குச்சு. பெற்றோலை அரிசி களையிற பேசன்லயும் கேன்லயும் ஊத்தி வச்சிருந்தேன். மழைத் தூத்தல் படாம வேனுக்கு அடியிலயே படுத்துக்கிட்டு டேங்க்குக்குள்ள கையை விட்டேன். அப்ப நெருப்புக் குச்சி ஒரசுற சத்தம் கேட்டுச்சு.

என் சம்சாரம் செல்வி. தட்டுல தேசிக்காய், திருநீறு, கற்பூரம். வாகனத்துக்குப் புதுச் சாமான் பூட்டுறப்போ நம்மாளுங்க சூடம் காட்டாம இருப்பாங்களா? நல்ல வேளை, குச்சி நமுத்திருந்துச்சு. நான் போட்ட கத்துல, குந்தியிருந்த ஆம்பளைங்க எல்லாம் தேயிலைக்குள்ள பாய்ஞ்சுட்டாங்க. தலை வேன்ல இடிபட வெளிய வந்து தீப்பெட்டியைப் பிடுங்கினேன். அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "காட்டலன்னா சாமி கோவிச்சுக்கும், காட்டினா வேன் எரியும்னா, இந்த வேனுக்குச் சாமி வேற எப்படித்தாங்க ஒதவும்?"

பெரட்டு

புதுப் பம்பைப் பூட்டி டேங்க்கைத் தூக்கினேன். முன்னால பெற்றோல் கொண்டு போற இரும்புக் குழாய் முறுக்கு மாதிரிக் கையோட நொறுங்கி வந்துருச்சு. அங்கேயே உக்காந்து அழலாம் போல இருந்துச்சு. ராமையா அண்ணன் எங்கயோ போய் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் தேடிக் கொண்டாந்தார். அதுக்குள்ள இருட்டி, மழை ஊத்திருச்சு.

திங்கக்கிழமை வெள்ளனவே திரும்ப அடியில படுத்தேன். நான் ஹோஸை இறுக்கிக்கிட்டு இருக்கப்பவே ஆளுங்க பெரட்டுக்கு வந்துட்டாங்க. கங்காணி பேர் கூப்பிடுறார், எல்லாரும் வேனைச் சுத்தி நிக்கிறாங்க, என் காலு ரெண்டும் நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கு. அவர் மகளுக்கும் அன்னைக்குப் பரீட்சை. வெள்ளை உடுப்போட ஓரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு அந்தப் புள்ள. கங்காணி குனிஞ்சு, கோவமே இல்லாமக் கேட்டார்: "ஓடுமா ஓடாதா தம்பி? ஒரு வார்த்தை சொல்லிருங்க, நான் வேற வழி பாக்கணும்."

லொறி

நான் ஹோஸை இன்னும் இறுக்கிக்கிட்டே கெடந்தேன். அவர் தேயிலைக் கொழுந்து ஏத்துற லொறியைக் கூப்பிட்டார். சாக்கை விரிச்சு, பிள்ளைங்களை ஏத்திக் கொண்டு போனாங்க. லொறி வளைவுல மறைஞ்சு, கொஞ்ச நேரத்துல நான் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடிச்சுருச்சு. கைதட்ட ஆள் இல்ல, எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிட்டாங்க.

வெறும் வேனை ஓட்டிக்கிட்டு ஹட்டனுக்குப் போய் ஸ்கூல் கேட்டுல காத்துக் கெடந்தேன். திரும்பக் கூட்டிக்கிட்டாவது போகலாமேன்னு ஒரு ஆசை. லொறியும் வந்து எனக்கு முன்னால நின்னுச்சு. பிள்ளைங்க வெளிய வந்து, என் முகத்தைப் பாக்காமக் குனிஞ்சுக்கிட்டே லொறியில ஏறினாங்க. தொணைக்கு வந்திருந்த கங்காணி சம்சாரம் மட்டும் என்கிட்ட வந்து சொன்னாங்க: "கோவிச்சுக்காதீங்க அண்ணே, பரீட்சை முடியுமட்டும் லொறியே வருமாம். சின்னதுங்களுக்கும் வேற வேன் பேசியாச்சு. நீங்க அவசரப்படாம, ஆறுதலா வேனைப் பாருங்க."

ஆக, வேன்ல எல்லாமே பழசா இருந்தப்ப சீட்டெல்லாம் நெறஞ்சு கெடந்துச்சு, ஒண்ணே ஒண்ணைப் புதுசாப் பூட்டினேன், அத்தனையும் காலி.