நாண் ஏற்றும் சுற்று

செய்தி எங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த அப்பா தட்டின் முன் உட்கார்ந்து, "இலஞ்சி ஜெராக்ஸ் கடைக்காரி செத்துப் போயிட்டாளாம். மூணு நாள் காய்ச்சலாம்" என்றார். அம்மா என் பக்கம் திரும்பி, "புருஷன வேண்டாம்னுட்டு வந்தவளா? ஒனக்கு அவளத் தெரியுமாட்டி?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன். அப்பாவுக்கு ரசம் ஊற்றினேன்.

தமயந்தி அக்காவைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். பதினாறாம் நாள் அவருடைய அம்மா வீட்டில் நீங்கள் கூடும்போது முத்துலட்சுமி வாசிப்பாள். என்னால் வர முடியாது. அக்காவின் ஜெராக்ஸ் கடைப்பக்கம் போகக் கூடாது என்பது வீட்டு உத்தரவு. ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லித்தான் ஞாயிறுதோறும் வந்தேன். தெரிந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீரகேரளம்புதூர் அத்தை வீட்டில் கொண்டு விட்டுவிடுவார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் தாளை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளுகிறேன்.

கடையின் திரைக்குப் பின்னால் முத்துலட்சுமி, ஆயிஷா, நான் மூவரும் அக்காவோடு விளையாடுவோம். அக்கா கதை சொல்வார். நாங்கள் அதற்குள் ஆட்களாக இருப்போம். என்ன நடக்கும் என்பதை இருபது முகப் பகடை சொல்லும். விதிகளையெல்லாம் வீணான பிரதிகளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருந்தார். என் ஆள் குறுக்குவில்காரி, துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தி அம்பு விடுபவள். குறுக்குவில்லின் அடி பலமானது. ஆனால் ஒருமுறை அம்பை விட்டால், மறுபடி நாண் ஏற்ற ஒரு சுற்று முழுவதும் போய்விடும். அந்தச் சுற்றில் ஓட முடியாது, ஒளிய முடியாது.

சாரல் விதி அக்காவே சேர்த்தது. வெளியே சாரல் விழுந்தால் கதையிலும் நாண் நனையும். பகடையில் விழுந்த எண்ணில் இரண்டு குறையும். முத்துலட்சுமி வாசலுக்கு ஓடிக் கையை நீட்டி, "அக்கா, இது சாரலே இல்ல, மரத்துல இருந்து சொட்டுது" என்பாள். "மரத்துக்கு எங்கன இருந்துட்டி வந்துச்சு?" என்பார் அக்கா.

குகை வாசலில் நின்ற அரக்கனைக் குறிபார்த்தபடியே நான் மூன்று ஞாயிறுகளைக் கழித்ததும் உண்டு.

"ஏட்டி, அம்ப விடுதியா இல்லையா?"

"விட்டா நாண் ஏத்த ஒரு சுத்து ஆகும்லாக்கா. அதுக்குள்ள வெட்டிருவான்."

"விடலைன்னா அவன் என்ன ஊருக்கா போயிருவான்?"

"அவ வில்லுக்கு மாலை போட்டு ஷோகேஸ்ல வச்சிருவாக்கா" என்றாள் ஆயிஷா.

அன்று அக்கா புதிதாக ஒரு விதி எழுதினார். நாண் ஏற்றுபவள் பெயர் சொல்லி அழைத்தால், அந்தத் தோழி முன்னால் வந்து வெட்டைத் தாங்கலாம். "வாயத் தொறந்து கூப்பிடணும்ட்டி. மனசுக்குள்ள நெனச்சா செல்லாது."

போன மாதம் அக்காவின் கணவர் வீட்டு ஆள் ஒருவர் கடைக்கு வந்து சத்தம் போட்டார். அக்கா எங்கள் மூவரையும் பெயர் சொல்லி அழைத்தார். "கொஞ்சம் இங்கன வந்து நில்லுங்கட்டி." மற்ற இருவரும் போய் அவருக்கு இரு பக்கமும் நின்றார்கள். நான் திரை இடுக்கில் பார்த்தேன். வந்தவர் அப்பாவுக்குப் பழக்கமானவர். நான் போகவில்லை.

அவர் போன பிறகு, யாருடைய ரெக்கார்டு நோட்டுக்கோ ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே, "எனக்கும் பயமாத்தாம்ட்டி இருந்துச்சு" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "ஒன் மொற போச்சு. அவ்வளவுதான். ஆட்டம் இன்னும் முடியல" என்றார்.

அதன்பின் எனக்கு இரண்டு ஞாயிறுகள் கிடைத்தன. மன்னிப்புக் கேட்கவில்லை, பகடைதான் உருட்டினேன்.

பகடை ஆயிஷாவிடம் இருக்கட்டும். கூப்பிடும் விதியை அக்கா எழுதிய தாள் என் வேதியியல் புத்தக அட்டைக்குள் இருக்கிறது. அது எனக்கு.

எழுதியது யார் என்று சொல்லாமல் வாசிக்கும்படி முத்துலட்சுமியிடம் கேட்டிருந்தேன். பதினாறாம் நாள் இலஞ்சியில் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள். அப்பாவின் காதுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகாது. முத்துலட்சுமி, நான் சொன்னதை விட்டுவிடு. கடைசி வரியையும் சத்தமாக வாசி.

தமயந்தி அக்காவோடு விளையாடியவள், ஏட்டு சங்கரபாண்டியன் மகள் இசக்கியம்மாள்.