இசிடோருக்கு ஒரு ஜோடிக் காலணி

மான்தோல் என்றால் அடேலுக்கு வெறி. வடக்குப் பனிக்காட்டு ஆற்றங்கரையில் இருந்த அந்தத் தெனே பழங்குடியினர் ஊரில் வீட்டுக்கு வீடு தோல் பதப்படுத்தத்தான் செய்வார்கள். ஆனால் அவள் கைபட்ட தோலில் குறை கண்டுபிடிக்கப் பார்த்தவர்கள் எல்லாம் தோற்றுத்தான் போனார்கள். பிள்ளை குட்டி இல்லை. இருந்ததெல்லாம் இசிடோர் என்ற கணவனும் அவனுடைய பிடிவாதமும்தான்.

சர்க்கரை நோய் வந்த பிறகும் அந்த மனுஷன் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மீன்வலைக்குப் போனான். வலது குதிகால் புண்ணாகி, புண் கறுத்தது. விமானத்தில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீங்கிய காலுக்குக் கடைக் காலணி எதுவும் ஆகாது. புகையூட்டிய மூஸ் மான் தோலில் மெத்தென்று தைத்தால்தான் உண்டு. அவன் திரும்பி வருவதற்குள் தைத்துவிட வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு அவன் நடக்க வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

ஒட்டியிருந்த சதையை எலும்புச் சுரண்டியால் வழித்தாள். மயிரைச் சிரைத்தாள். மானின் மூளையை வெந்நீரில் கரைத்துத் தேய்த்து, ஊறவைத்து, கழி கொடுத்து முறுக்கிப் பிழிந்து, காயக் காய இழுத்தாள். மறுபடி மூளை, மறுபடி பிழிதல். தோள்பட்டை விட்டுப்போயிற்று. கடைசியில் தோலைப் பைபோலத் தைத்து, மக்கிய மரம் புகைந்துகொண்டிருந்த வாளிக்கு மேல் தொங்கவிட்டாள். இனி அங்கிருந்து நகரக்கூடாது. வாளி குப்பென்று பற்றிக்கொண்டால் பட்ட பாடெல்லாம் போச்சு.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு வாசலிலிருந்து ரோசலி கத்தினாள். இசிடோரின் தங்கை; ஃபோன் அவள் வீட்டில்தான் இருந்தது.

“அண்ணி! அண்ணன் லைன்ல இருக்கு. டாக்டர் என்னமோ செய்யணுங்கிறாராம். உன்னைக் கேக்காம தலையாட்ட மாட்டேங்குது, வா!”

“இப்ப எப்படிடி வர்றது? தோலு புகையில தொங்குது.”

“நான் பாத்துக்கறேன், நீ போ.”

“நீயா? போன வருஷம் நீ பாத்துக்கிட்ட தோலை நாய்கூட மோந்து பாக்கல!”

ரோசலிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “சரி தாயே! அப்ப என்னதான் சொல்லட்டும்?”

“டாக்டர் சொல்றபடி கேக்கச் சொல்லு. அடம் பிடிக்காம சீக்கிரம் வந்து சேரச் சொல்லு.”

ரோசலி போய் அப்படியே சொல்லிவிட்டாள். இங்கே வாளியில் ஒரு பொட்டு நெருப்பு எழவில்லை. தோல் தேன் நிறத்துக்கு வந்தது. அப்படியொரு தோல் அவள் ஆயுளில் அமைந்ததில்லை. பாழாய்ப்போன தோல்! அன்றைக்கே அவள் காலணியை வெட்டித் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ரோசலி வீட்டு ஃபோனில் நர்ஸ் கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். அடேல் ஃபோனை வைக்கவும் தோன்றாமல் நின்றாள். என்ன செய்யப்போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! கேட்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? தோல் கருகினால் இன்னொரு மான் கிடைக்காதா? அவளுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சில வாரம் கழித்து இசிடோரை விமானத்திலிருந்து சக்கர நாற்காலியில் இறக்கினார்கள். அவள் மண்டியிட்டு இடது காலில் காலணியை மாட்டினாள்.

“நல்லா மெத்துன்னு இருக்கு,” என்றான் இசிடோர். “அந்த வலது காலை எடுக்க விடவே கூடாதுன்னுதான்டி இருந்தேன்.”

அவளால் அடக்க முடியவில்லை, வெடித்து அழுதாள். அவன் குனிந்து அவள் தலையைத் தடவினான்.

“அழாத. நீயே சரின்னு சொன்னப்புறம் நான் யோசிக்கவே இல்ல.”