இரண்டு இலட்சத்துக்கு இன்னும் ஐம்பத்து நான்கு

எங்கள் காருக்கு இரண்டு கதவுகள்தான். ஜப்பானில் யாரோ ஓடிக் களைத்துக் கைவிட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஆறு சிலிண்டர் எஞ்சின், கை கியர், நிலத்தோடு நிலமாகப் படுத்த உடம்பு. உருத்திரபுரத்து வாய்க்கால் வீதிக்கு அதைவிடப் பொருத்தமில்லாத வாகனத்தைத் தேடினாலும் கிடைக்காது. என் புருசன் அதைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்திய அன்று நான் கேட்டது ஒன்றுதான்.

"இதிலை கலப்பை பூட்டலாமோ?"

அயலில் ஒருவர் எனக்குக் கேட்கும்படியாகவே, "பிள்ளை குட்டி இல்லாத ரெண்டு பேருக்கு ரெண்டு கதவு காணும்தானே" என்றார். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. இவரோ, "சரியாத்தானே சொல்லியிருக்கிறார்" என்று சிரித்துவிட்டு, துணியை நனைத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விட்டார். இவருடைய இந்தக் குணம்தான் எனக்கு எரிச்சல். இப்போது அதற்காகவே ஏங்குகிறேன்.

அந்தக் காரில் இவருக்கு மிகவும் பிடித்தது எஞ்சின் இல்லை, மீற்றர் போர்ட். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகமுள், சுற்றுமுள், எண்ணெய் முள் எல்லாம் ஒன்றாக இருக்கும் அந்தப் பெட்டி. அதன் அடியில், ஓடிய கிலோமீற்றரைக் காட்டும் ஆறு சின்னச் சக்கரங்கள். ஆயிரம் நிறையும்போதெல்லாம் இவர் காரை ஓரங்கட்டுவார். வீட்டு வாசலில் நிறையப்போகிறது என்றால் குசினியில் நிற்கிற என்னையும் விடமாட்டார்.

"இஞ்சேரும், ஓடி வாரும்! ஒன்பதெல்லாம் சைபராகப் போகுது!"

கறி அடிப்பிடிக்கும். நான் திட்டிக்கொண்டே போய்ப் பக்கத்தில் ஏறுவேன். படலையில் இருந்து மதகு வரை மெல்ல உருட்டிக்கொண்டு போவார். சைபர்கள் ஒன்றாக ஏறி வரும்போது, பரீட்சையில் பாசான பொடியனுக்குக்கூட அப்படி முகம் மலராது. நான் கணக்குப் படிப்பிக்கிறவள். ஒன்பதுக்குப் பிறகு சைபர் வருவதில் என்ன அதிசயம் என்று எனக்கு விளங்கவேயில்லை.

இரண்டு இலட்சம் நிறைகிற அன்றைக்கு நாயாற்றுக் கடற்கரைக்குப் போவோம் என்று சொல்லியிருந்தார். "நீரும் நானும் மட்டும். பொரிச்ச மீனும் சோறும் கட்டிக்கொண்டு." கலியாணம் கட்டி இருபது வருடம். நாங்கள் சேர்ந்து போன பயணம் எல்லாம் கோயில், கலியாண வீடு, செத்த வீடு. எங்களுக்கென்று ஓரிடம் போனதில்லை. "ஏன், நாளைக்குப் போனால் கடல் வத்திப் போகுமோ?" என்று கேட்டேன். "இல்லை, ரெண்டு லட்சத்துக்குத்தான்" என்று பிடிவாதமாக நின்றார்.

நூற்று நாற்பத்து மூன்று கிலோமீற்றர் மிச்சமிருக்கும்போது இவர் மாரடைப்பில் போய்விட்டார்.

கார் எட்டு மாதம் தகரக் கொட்டிலுக்குள் கிடந்தது. பிறகு நானே வாகனம் பழகினேன். விற்கச் சொன்னவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் நோவதைவிட ஓடப் பழகுவது சுலபமாக இருந்தது. ஓடத் தொடங்கிச் சில நாளில்தான் கவனித்தேன், வேகமுள் எழும்பவில்லை. எண்ணும் அசையவில்லை. 199857. இவர் விட்ட இடத்திலேயே நின்றது. முதலில் எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் நாள் போகப் போக, அந்த நூற்று நாற்பத்து மூன்றும் இனி வரவே வராது என்பதைப் பொறுக்க முடியவில்லை. அந்த இரண்டு இலட்சம் எனக்கு வேண்டும். இவருக்காக வைத்த ஆசை இல்லை, என்னுடைய ஆசை.

வவுனியா நெளுக்குளத்தில் மீற்றர் திருத்துகிற ஒருவர் இருந்தார். நல்ல மனுசன், என்னைவிடப் பத்து வயது இளையவர். கழற்றிப் பார்த்துவிட்டு, "இதைத் திருத்துறது பாடு ரீச்சர். வேறை போர்ட் ஒண்டு மாத்துவம்" என்றார். மூன்று முறை போனேன். முதலில் வந்த போர்ட், தானாகக் கியர் மாறும் காருடையது. பூட்டியதும் எஞ்சின் எண்ணெய் விளக்குச் சிவப்பாக எரிந்தது, அணையவேயில்லை. அடுத்தது இரண்டு வருடம் பிந்திய மொடல். வயர்ச் செருகி எங்கள் காருக்குப் பொருந்தவேயில்லை. மூன்றாவது அச்சடித்தாற்போல் பொருந்தியது. ஆனால் அது நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குச் செய்தது. கார் சும்மா நிற்கும்போதே சுற்றுமுள் ஒன்றரை மடங்கு காட்டியது. தாங்கி நிறையப் பெற்றோல் இருக்க, காலி என்றது. ஒரே கார், ஒரே பெயர், ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துவராத குடும்பம்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். "எனக்குப் பழைய போர்ட்தான் வேணும். அதையே திருத்துங்கோ" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. புருசன் போன பொம்பிளை ஒருத்தி, மூன்று பேர் நிற்கிற கடையில், கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார் என்று எப்படிச் சொல்வது?

காரை அவரிடமே விட்டுவிட்டு வந்து, ஒரு கிழமை கழித்துப் போனேன். கார் வாசலில் மினுங்கியது. "உள்ளுக்கை இருந்த பல்லுச் சக்கரம் தூளாப் போச்சு ரீச்சர். அந்த மூண்டாவது போர்ட்டிலை இருந்து எடுத்துப் போட்டிட்டன். இப்ப ஓடும்" என்றார். கதவைத் திறந்து பார்த்தேன்.

082310.

"இதென்ன?"

"நான்தான் குறைச்சு வைச்சனான்." அவருக்குக் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை. "உங்களை மாதிரித் தனிய வாறவை எல்லாம் விக்கத்தான் வருவினம். கிலோமீற்றரைக் குறைக்கச் சொல்லி வாய் திறந்து கேக்க மாட்டினம். அதான் கேக்காமலே செய்து குடுக்கிறனான்."

கத்தினேன். வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, ஒன்றைத் தவிர. இந்தக் காரை நாங்கள் வாங்கியபோதே ஒரு இலட்சத்து நாற்பத்தாறாயிரம் ஓடியிருந்தது. எண்பத்திரண்டாயிரத்தில் நாங்கள் இரண்டு பேரும் இந்தக் காரில் ஏறவேயில்லை. இவர் என்னைக் கூப்பிடவேயில்லை. அதைத்தான் கத்தினேன். பிறகு அழுதேன். அழுதுகொண்டே நாயாற்றுக் கதையையும் சொல்லிவிட்டேன், அதே மூன்று பேருக்கு முன்னால்.

அவர் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது.

"எவ்வளவு இருந்தது எண்டு ஞாபகம் இருக்கோ ரீச்சர்?"

சொன்னேன். கழற்றினார். ஒவ்வொரு சக்கரமாகத் திருப்பினார். கடைசியில் கையை நிறுத்தி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"குறை நினைக்காதேங்கோ. நேரை ரெண்டு லட்சமா வைச்சு விடட்டோ? இண்டைக்கே போகலாம்."

ஒரு கணம் ஓம் என்று சொல்லப் பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன். பிறகு, "வேண்டாம், ஓடித்தான் வரவேணும்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வீதியைவிட மீற்றரைத்தான் கூடப் பார்த்தேன். வேகமுள் எழும்பியது. எண் நகர்ந்தது. மாங்குளத்தில் ஒரு லொறிக்காரர் ஹோன் அடித்துப் பேசிவிட்டுப் போனார். நியாயம்தான். படலைக்குள் காரை விட்டபோது 199946.

அதற்குப் பிறகு நான் காரை எடுக்கவில்லை. பாடசாலைக்கு பஸ்ஸில் போகிறேன். கிழமைக்கு ஒருக்கால் எஞ்சினை மட்டும் போட்டு, உருளாமல் வைத்து அணைக்கிறேன். மிச்சமிருக்கிற ஐம்பத்து நான்கும் முல்லைத்தீவை எட்டுமுன்பே நிறைந்துவிடும். அங்கிருந்து நாயாறு கிட்டத்தான். விடியப் புறப்பட்டால் மத்தியானச் சோற்றை அங்கே சாப்பிடலாம். எல்லாம் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

போன மாதம் நெளுக்குளத்தில் இருந்து அவர் போன் எடுத்தார். "ரீச்சர், ரெண்டு லட்சம் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லைத் தம்பி."

"மீற்றர் ஓடுதுதானே?"

"ஓடுது. நல்லா ஓடுது."

அவருக்கு நான் சொல்லாதது இதுதான். அந்த ஐம்பத்து நான்கையும் ஓடி முடித்தால், இவர் எனக்குத் தருவதாகச் சொன்னது எதுவும் பிறகு மிச்சமிருக்காது.