அவள் சொன்ன ‘ஹா’

எண்பதுகளின் கடைசியில் டொரொண்டோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் கிச்சினில் வேலை செய்தேன். அங்கே புதிதாக ஒரு சோமாலியப் பெண் வந்தாள். கழுவப் பாவிக்கிற இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கலந்தால் நச்சுப்புகை கிளம்பும். ஆங்கிலம் தெரியாத அவளுக்கு அதை யார் சொல்வது என்று சூப்பர்வைசர் யோசித்தார். என்னோடு வேலை செய்த அப்தியை நான்தான் கைகாட்டினேன். அவனும் சோமாலிதானே!

அப்தி விளக்க விளக்க அவள் “ஹா, ஹா” என்றாள். ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்கிற ‘ஓம்’தான் அது. விஷயம் முடிந்தது என்று நான் திரும்பினேன். அப்தி மட்டும் இரண்டு போத்தலையும் அவளிடம் கொடுத்து, செய்து காட்டச் சொன்னான். ஒன்றை வாளிக்குள் ஊற்றியவள் மற்றதையும் அதற்குள்ளேயே சரிக்கப் போனாள். அப்தி பாய்ந்து கையைப் பிடித்தான்.

அவள் சோமாலியாவின் தெற்குப் பக்கமாம்; வீட்டில் பேசுவது ‘மாய்’ என்கிற வேறு பேச்சு. அப்தியுடையது ரேடியோவில் வருகிற சோமாலி. அது அவளுக்குப் பாதிகூட விளங்காது, ஆனால் அதைச் சொல்ல வெட்கப்படுவாள் என்றான்.

அன்று பின்னேரம், இரண்டு வருடமாக என்னோடு ஒரே அறையில் இருந்த மட்டக்களப்பு நண்பனிடம் கேட்டேன்.

“நான் கதைக்கிற யாழ்ப்பாணத் தமிழ் உனக்கு முழுக்க விளங்குதோ?”

“ஓம் மச்சான்.”

“உண்மையைச் சொல்லு.”

கறி கிளறிய அகப்பையை அவன் நிறுத்தினான். “வேகமாக் கதைச்சா சிலது விளங்காது. நீ சிரிப்பாய் எண்டுதான் கேக்கல்ல.”

சிரித்துத்தான் இருப்பேன். அவன் வந்த புதிதில் அவனுடைய பேச்சைக் கேட்டுச் சிரித்தவன் நான்தானே.