தெருமுனைக்கு வரும் காலேஜ் பஸ்

தனியார் இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் என்றால் வருஷத்தில் பாதி நாள் பாடம் நடத்த வேண்டும், மீதி நாள் பாடம் கேட்க ஆள் பிடிக்க வேண்டும். கொளுத்துகிற வெயிலில் நோட்டீஸும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கிய சகோதர வாத்தியார்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "மெக்கானிக்கலுக்குப் பிள்ளை சேர்த்தால் நீங்கள் இருக்கலாம்" என்று பிரின்சிபால் சிரித்தபடியே சொல்லி அனுப்பிய வருஷம் இது.

சுற்றிலும் கம்பெனி

வல்லம் வடகாலில் ஒரு வீடு. அப்பா செக்யூரிட்டி யூனிபார்மில் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தேன்: எங்கள் காலேஜைச் சுற்றிலும் கம்பெனிதான், படித்து இறங்கினால் வேலை. அவர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"என் நெலத்து மேலயே கம்பெனி கட்னாங்க சார். நானே கேட்டுக்கு வெளியதான் நின்னுகினு கீறேன். பக்கத்துல காலேஜ் இருந்தா மட்டும் உள்ள வுட்ருவாங்களா?"

என் மாணவன்

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் பழைய மாணவன் ஒருவன், தென்காசிப் பக்கத்துப் பையன், கம்பெனிச் சட்டையில் நின்றான். அவன் தம்பி பிளஸ் டூ முடித்திருப்பது ஞாபகம் வந்தது. டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை ஆரம்பித்தேன். டீயைக் குடித்து முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"கம்பெனி லைன்ல எம் பக்கத்துல நிக்கவன் பன்னெண்டாம் கிளாஸ்தான் சார். ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம். அதான் தம்பிய நேரா லைனுக்கே வரச் சொல்லிட்டேன்."

சேரப்பணஞ்சேரி

இன்னும் ஒரே ஒரு பிள்ளை கிடைத்தால் என் வேலை தப்பும் என்ற நிலையில் பவித்ரா வீட்டுக்குப் போனேன். அம்மா கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். பெண் கெட்டிக்காரி, சென்னையில் அரசு காலேஜில் சீட்டே கிடைத்திருந்தது. ஆனால் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: பஸ் தெருமுனைக்கு வருமா?

பவித்ரா வேறு கேட்டாள். "உங்க லேப்ல மெஷின்லாம் ஓடுமா சார்?"

எங்கள் லேத் மெஷின் மேல் எப்போதும் துணி மூடியிருக்கும், இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்தால்தான் எடுப்போம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஓடாதும்மா, அரசு காலேஜிலேயே சேர்ந்துவிடு என்றேன். எனக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. அம்மாவுக்குத்தான் கோபம்.

"அவ்ளோ தூரம் போய்ட்டு வந்தா இருட்டிடும். ஆஸ்டல்ல வுடவும் மனசு இல்ல. உங்களுக்கு இன்னா, சொல்லிட்டுப் பூடுவீங்க."

முதல் நாள்

காலேஜ் திறந்த அன்று, ஆபீசில் பிடித்து வைத்திருந்த என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வேலை போய்விட்டது. எதிரே பஸ்ஸிலிருந்து அம்மாவும் பவித்ராவும் இறங்கினார்கள். நான் பேசிவிட்டு வந்த மறுநாளே எங்கள் காலேஜ் பிசிக்ஸ் வாத்தியார் செபாஸ்டின் பஸ் டிரைவரையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அட்மிஷன் அவர் கணக்கில். பவித்ரா என்னைப் பார்க்காமல் வகுப்புக்குப் போனாள். எனக்கு எரிந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அம்மா நின்று கேட்டார்:

"நீங்க வேணாம்னு சொல்லிட்டுப் போனீங்க. அந்த சார் பஸ்ஸையே எங்க தெருவுக்குத் திருப்பி வுட்டாரு. நீங்களே சொல்லுங்க, யாரு நல்லவரு?"

பிள்ளைக்கு எந்தக் காலேஜ் நல்லது என்று யாராவது உங்களைக் கேட்டால், சகோதரர்களே, உங்கள் சம்பளம் எந்தக் காலேஜிலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டு வாயைத் திறங்கள்.