ஒரே மாத்திரை

மதினி ஒருமுறை தன் ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பின் முன்னால் என்னை உட்கார வைத்தார். அவர் என் அண்ணனின் மனைவி. ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. நான் அவர்கள் குடியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மருந்துக்கடை வைத்திருப்பவள். முதலில் எலியின் கருப்பையைக் காட்டினார், பிறகு சுண்டெலியுடையதை. இரண்டின் சினைப்பைகளையும் அகற்றிவிட்டு ஒரே மருந்தைக் கொடுத்திருந்தார்களாம். எலியின் கருப்பைச் சுவர் கொஞ்சமே தடித்திருந்தது. சுண்டெலியுடையதோ பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனையே கொடுத்ததுபோல் தடித்துக் கிடந்தது.

“ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிற மருந்துன்னுதான் பேரு. எலிகிட்ட ஓரளவு தடுக்குது. சுண்டெலிகிட்ட அதுவே ஈஸ்ட்ரோஜனா மாறிக்கிடுது” என்றார்.

“அப்ப மனுசிக்கு?”

“மார்புல தடுக்கும். கருப்பையில சில பேருக்கு மட்டும் இந்தச் சுண்டெலி மாதிரி தடிக்கும், புத்துகூட வரலாம்.”

சில வருடங்கள் கழித்து மதினியின் மார்பில் புற்றுக்கட்டி வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்தது அதே மருந்தின் மாத்திரையைத்தான். அன்று பார்த்த சுண்டெலியின் கருப்பை நினைவுக்கு வர, அட்டையை எடுத்துக் கொடுக்கத் தயங்கினேன். “குடு ஏட்டி. மார்புல உள்ளதுதான் இப்பப் பெருசு. தீட்டு நின்ன பொறவு ரத்தம் பட்டா உடனே வரணும்னு டாக்டரும் சொல்லியிருக்காவ” என்றார். கட்டி திரும்ப வரவில்லை. புரட்டாசியில் எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படிகளில் எனக்கு முன்னால் ஏறிப் போனார்.

ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்தவர், ஆட்கள் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு, “நின்னு போனது திரும்பப் பட்டுருக்கு” என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். மாதக்கணக்காயிற்றாம்.

“ஏன் மதினி, இம்புட்டு நாள் சொல்லலியே?”

“பிள்ளைக்குப் பிளஸ் டூ பரீட்சை. முடியட்டும்னு இருந்துட்டேன்.”

எல்லாம் தெரிந்தவர் அவர். மதுரையில் புற்று வந்த கருப்பையை எடுத்தபோது நோய் நுரையீரலுக்கும் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணன் அந்த மாத்திரையைத் திட்டிக்கொண்டே இருந்தார். “அதைத் திட்டாதீய. இத்தனை வருசம் இருந்தது அதாலதான். நான்தான் பரீட்சைன்னு காத்துக்கிட்டு இருந்துட்டேன்” என்று மதினி மூச்சு வாங்கச் சொன்னார். கார்த்திகை மழையில் மதினி போய்ச் சேர்ந்தார்.

போன வாரம் வன்னியம்பட்டிப் பெண் ஒருத்தி அதே மாத்திரைக்கு வந்தாள். “விடாமச் சாப்பிடு. ரத்தம் பட்டா மட்டும் அன்னைக்கே டாக்டர்ட்ட போயிரு, எந்த வேலை இருந்தாலும்” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

பெற்ற பிள்ளையின் பரீட்சையை அண்ணன் எப்படிக் குறை சொல்வார்? பழி போட அவருக்கு மிச்சம் இருப்பது அந்த மாத்திரையும் அதை எடுத்துக் கொடுத்த நானும்தான். இப்போது தலைவலி மாத்திரைக்குக்கூட அவர் என் கடையைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போகிறார். நானும் கூப்பிடுவதில்லை.